ஏடும் தட்டும்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் உச்சிப் பிள்ளையாரை நோக்கிப் படியேறுவோர், வழியில் ஒரு குடைவரைக் கோயிலைக் காண்பர். பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் அங்குப் பொறித்த எழுத்துகள் இன்றும் நிற்கின்றன. கல்லிற் பொறித்தது நெடுங்காலம் நிற்கும். ஓலையில் எழுதியதோ அவ்வாறு நில்லாது. ஈரம் பட்டால் மட்கும், செல்லும் அரிக்கும். இதனை உணர்ந்த நம் முன்னோர், ஏடு சிதையுமுன் அதனைப் புதிய ஓலையிற் படியெடுத்து வைத்தனர். பழந்தமிழ் நூல்கள் நம் கைக்கு வந்தது அவர்தம் உழைப்பினால் அன்றோ?

எழுத்துக்கு ஏடு போல, ஒலிக்கும் ஓர் இருப்பிடம் வேண்டும். திருச்சிராப்பள்ளியில் வானொலி நிலையம் தோன்றிய 1939 ஆம் ஆண்டில் ஒலியைத் தட்டுகளிற் பதிந்தனர். பின்னர்க் காந்த நாடா பரவிற்று. இந்நாளில் ஒலி எண்களாக மாற்றப்பெறுகிறது. குறுந்தட்டின் தரத்திற் பதியும்போது ஒலியலையின் அளவு நொடிக்கு 44,100 முறை குறிக்கப்பெறும். அவ்வெண்களைத் தாங்கும் கருவிகளுள் ஒன்று வன்தட்டு. கடைத்தெருவில் இதனை ஹார்ட் டிஸ்க் என்பர். இதனுள் காந்தப்பூச்சுடைய வட்டத்தகடு நிமிடத்திற்கு 5,400 முறையோ 7,200 முறையோ சுழலும். எண்களைப் படிக்கும் முனை, தகட்டைத் தொடாமல், மயிரிழையினும் நுண்ணிய காற்றிடைவெளியில் மிதக்கும். தொட்டுவிடின் பூச்சுத் தேயும். அங்கிருந்த ஒலியும் அழியும்.

திருவரங்கத்தில் என் அண்டை வீட்டில் முதியவர் ஒருவர் வாழ்ந்தார். பாசுரங்களை இசையோடு ஓதுவதில் வல்லவர். அவருடைய பேரன் நாற்பது பாசுரங்களை ஒலிப்பதிவுக் கருவி ஒன்றில் பதிந்து வைத்தான். முதியவர் மறைந்த சில ஆண்டுகளில் அக்கருவி ‘டக், டக்’ என ஒலிக்கத் தொடங்கிற்று. பேரன் என்னிடம் வந்து, “ஐயா, பழைய தட்டைக் கழற்றிப் புதியது மாட்டினாற் போதுமாமே?” என்றான்.

இருவரும் தெப்பக்குளத்தின் அருகிலுள்ள பழுதுபார்ப்பவரிடம் சென்றோம். அவர், “தம்பி, புதிய தட்டு மாட்டினாற் கருவி ஓடும், தாத்தாவின் குரல் அதில் இராதே! முதலிற் படியெடுப்போம். அதுவரை இதனை இயக்காதே” என்றார். பின்னர்ப் பழைய தட்டிலிருந்து இயன்றவற்றையெல்லாம் வேறொரு தட்டிற் படியெடுத்தார். அதன்பின் கருவியின் மின்னிணைப்பைத் துண்டித்துப் புதிய தட்டைப் பொருத்தி, படியை அதிற் சேர்த்தார். முப்பத்தேழு பாசுரங்கள் மீண்டன, மூன்று மீளவில்லை. “ஓசை கேட்ட அன்றே வந்திருக்கலாம்” என்று பேரன் வருந்தினான். மீண்ட குரலைக் கேட்டபோது அவன் கண்கள் கலங்கின.

மாணவர்களே! வன்தட்டும் ஏட்டைப் போல ஒருநாள் பழுதுறுவதே. பழுதுற்ற தட்டை மாற்றுதல் எளிது. அதிலிருந்த ஒலியை மீட்டல் அரிது. ஆதலின், கருவி நன்கு இயங்கும்போதே படியெடுத்து, அப்படியை வேறோர் இடத்தில் வையுங்கள். உங்கள் இல்லத்து முதியோர் பாடும் பாட்டையும் சொல்லும் கதையையும் அவ்வாறு காத்தல் உங்கள் கடனாகும்.