திருச்சபை எது?

'கோயிலுக்குப் போனேன்' என்றாலும் 'சபைக்குப் போனேன்' என்றாலும் நம் மனக்கண்முன் நிற்பது மணிக்கூண்டுடன் கூடிய ஒரு கட்டடமே. ஆனால் புதிய ஏற்பாட்டில் திருச்சபையைக் குறிக்கும் 'எக்ளேசியா' என்னும் கிரேக்கச் சொல் ஓரிடத்திலும் கட்டடத்தைக் குறிக்கவில்லை. அழைக்கப்பட்டுக் கூடிய மக்களையே அது குறிக்கிறது. ஆதித் திருச்சபையினர் வீடுகளிலேதான் கூடினார்கள்.

ஏதென்சு நகர மக்கள் மன்றத்துக்கும் இதுவே பெயர். ஆனால் அம்மன்றத்தில் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் இடமில்லை. கிறிஸ்துவின் பெயரால் கூடிய சபையிலோ அடிமையும் ஆண்டானும் ஒரே அப்பத்தைப் பகிர்ந்தனர். சொல் பழையது, பொருள் புதியது!

அந்தப் புதுமை எளிதில் நிலைத்துவிடவில்லை. கொரிந்து நகரில் செல்வர் முந்தி உண்டு களிக்க, ஏழைகள் பசித்திருந்தனர். அது ஆண்டவரின் விருந்தே அன்று எனப் பவுல் கடிந்து எழுதினார். அதே நிருபத்தில் சபையை ஓர் உடலாகவும் விசுவாசிகளை அதன் உறுப்புகளாகவும் உருவகித்தார். ஓர் உறுப்பு வருந்தினால் உடல் முழுவதும் வருந்த வேண்டும் என்பது அவர் கருத்து. எருசலேமிலும் அன்றாட உணவுப் பங்கீட்டில் கிரேக்கமொழி பேசிய விதவைகள் புறக்கணிக்கப்பட்டபோது, அக்குறையைத் தீர்க்க எழுவர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். எனவே இறைவழிபாடும் நற்செய்தி அறிவிப்பும் போலவே, எளியோர்க்குச் செய்யும் ஊழியமும் சபையின் நோக்கமாகும்.

நம் நாட்டு வரலாறும் இதே கேள்வியை எழுப்புகிறது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில், இரு சாதியார் தனித்தனியே அமர இரு பகுதிகளாக ஓர் ஆலயம் எழுந்தது. பகுதிகள் இரண்டு, பீடம் ஒன்று. அவற்றைப் பிரித்த சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது. கட்டடம் முழுமையாக நின்ற அந்நாட்களில் அங்கே திருச்சபை முழுமையாக இருந்ததா? இல்லை என்றே நான் கருதுகிறேன். சுவர் விழுந்த அன்றுதான் சபை சற்றே எழுந்தது.

இன்றும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலும் சாதி பார்க்கப்படுகிறது. ஞாயிறுதோறும் ஒரே பாத்திரத்தில் பங்குபெறுவோர், இறந்தபின் அருகருகே துயிலக் கூடாதா? கிறிஸ்தவ மாணவனாகிய நான் இக்கேள்வியைப் பிறரிடம் கேட்குமுன் என்னிடமே கேட்டுக்கொள்கிறேன்.

கற்களால் கட்டுவது ஆலயம். அன்பால் கட்டுவதே திருச்சபை. அதன் வாயிலில் யாரும் அயலார் அல்லர்.