காய்ச்சலோடு கம்பெனிக்குப் போகலாமா?

"மாத்திரை போட்டுட்டுப் போயிடறேன், இல்லேன்னா கூலி போயிடுமே!" 2020-இல் கொரோனா பரவியபோது பனியன் கம்பெனி வேலைக்குப் போவோர் வீடுகளில் கேட்ட பேச்சு இது. மாத்திரை காய்ச்சலைத் தணிக்கும், கிருமியைக் கொல்லாது. வண்டியில் பக்கத்தில் உட்காருபவருக்கும், அவர் வீட்டுப் பெரியவர்களுக்கும் நோய் தொற்றும்.

கொள்ளைநோய்க் காலத்தில் கம்பெனியார் செய்ய வேண்டியவை:

1. ஜன்னல்களைத் திறந்து வைத்தல்.
2. மூக்கும் வாயும் மூடும் முகக்கவசம் தருதல்.
3. கை கழுவத் தண்ணீர், சோப்பு வைத்தல்.
4. சாப்பாட்டு நேரத்தைப் பிரித்துவிடுதல்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று: காய்ச்சலை மறைக்காதீர்கள். சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு வீட்டிலிருங்கள். இ.எஸ்.ஐ. தகுதி உள்ளவருக்கு டாக்டர் சான்றின் பேரில் கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். கணவர் கிளம்பினால் மனைவி தடுங்கள். மனைவி கிளம்பினால் கணவர் தடுங்கள்.

கூலி நாளைக்கும் வரும்; போன உயிர் வருமா?