பெயர் தெரியாத வலி: நல்கொண்டா மாவட்டத்தின் அனுபவம்

நோயாளி மருத்துவரிடம் கொண்டு செல்வது நோயை அன்று. நோயின் குறிகளை மட்டுமே. இடுப்பு வலி, மூட்டுப் பிடிப்பு, கைகால் மரத்துப்போதல், ஓயாத சோர்வு ஆகியவை பல நோய்களுக்குப் பொதுவானவை. இக்குறிகள் இன்ன நோயால் வந்தவை என்று உறுதிப்படும் வரை கழியும் ஆண்டுகளைப் பற்றி நமது நலவாழ்வுத் திட்டங்களில் அதிகம் பேசப்படுவதில்லை. அந்த இடைக்காலம் எவ்வளவு நீளக்கூடும், அதில் எவற்றை இழக்க நேரிடும் என்பதற்குத் தெலங்கானாவின் நல்கொண்டா மாவட்டம் தக்க சான்றாகும்.

நல்கொண்டாவின் பெரும்பகுதி கருங்கல் பாறைப் பூமி. பாறைகளிலுள்ள ஃபுளூரைடு உப்பு நிலத்தடி நீரில் கரைந்து வருகிறது. இதற்கு நிறம் இல்லை; மணம் இல்லை; சுவையும் இல்லை. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு நீர் ஆதாரம் இல்லாதபோது 1.5 மில்லிகிராம் வரை ஏற்கப்படும். இதனை மிஞ்சிய நீரைப் பல ஆண்டுகள் பருகுவோரின் எலும்பில் ஃபுளூரைடு படிகிறது. எலும்பு தடித்து, தசைநார்களும் சுண்ணாம்பேறி இறுகுகின்றன. முதுகெலும்பில் இவ்வளர்ச்சி முற்றினால் தண்டுவடம் நெருக்குண்டு கால்கள் செயலிழப்பதும் உண்டு.

மாடுகள் காட்டிய அடையாளம்

இந்நோய் இந்தியாவில் அறிவியல் முறையில் விவரிக்கப்பட்டது 1937-இல். கிண்டி கிங் நிலையத்தின் இயக்குநராயிருந்த ஹெச்.இ. ஷார்ட் என்பவரும் அவருடைய துணைவர்களும் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டக் கிராமங்களை ஆராய்ந்து தம் முடிவுகளை வெளியிட்டனர். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே உழவு மாடுகள் மூட்டு இறுகி நடக்க முடியாமற்போனதை அப்பகுதி விவசாயிகள் கவனித்திருந்தனர். மனிதரிடத்தில் முதுமை என்றும் வாதம் என்றும் தள்ளிவிடக்கூடிய குறியை மாட்டிடத்தில் அவ்வாறு தள்ளிவிட இயலவில்லை போலும்!

1973-இல் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அறிஞர்கள், ஃபுளூரைடு மிகுந்த பகுதிகளின் இளவயதினரிடம் முழங்கால்கள் உட்புறம் வளைந்து ஒன்றோடொன்று முட்டும் குறைபாட்டை விவரித்தனர். வளைந்த கால் எவர் கண்ணுக்கும் தெரியும். ஆனால் வயது வந்தோரிடம் இந்நோய் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாமலே தொடங்குகிறது.

காத்திருக்கும் ஆண்டுகள்

நடுவயதுப் பெண் ஒருத்தியின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். காலையில் எழுந்ததும் முதுகு நிமிர்வதில்லை. தரையில் அமர்ந்தால் எழுவதற்குக் கை ஊன்ற வேண்டும். தலைக்கு மேல் குடத்தைத் தூக்க இயலாது. நாற்று நடும் கூலி வேலை முதலில் போகும். உள்ளூர் மருத்துவர் வலி மாத்திரை தருகிறார். வலி தணிந்து மீண்டும் வருகிறது. இரத்தப் பரிசோதனையில் குறிப்பிடத்தக்க குறை ஒன்றும் தென்படாமற்போகலாம். “ஒன்றுமில்லை” என்ற முடிவுடன் வீடு திரும்புபவளுக்கு அதற்குப்பின் இரண்டு சுமைகள்: ஒன்று வலி, மற்றது, வலி உண்டென்று வீட்டாரை நம்பவைப்பது. சோம்பல் என்ற சொல்லும், மனக்கவலை என்ற சொல்லும் இந்த இடத்தில்தான் வந்து சேர்கின்றன.

நீண்டகாலம் தொடர்ந்து உண்ணும் வலி மாத்திரைகளுள் பல சிறுநீரகத்தைப் பாதிக்கக் கூடியவை. உடலிலிருந்து ஃபுளூரைடை வெளியேற்ற வேண்டிய உறுப்போ அதுவே. சிறுநீரகம் தளர்ந்தால் எலும்பில் தங்கும் அளவு கூடுகிறது. காரணம் அறியாமல் வலியை மட்டும் அடக்குவதால் நேரும் தீங்கு இது.

ஃபுளூரைடு பாதிப்பு என்றதும் பழுப்புக்கறை படிந்த பற்களே பலர் நினைவுக்கு வரும். ஆனால் பற்கள் ஈற்றுக்குள் உருவாகும் குழந்தைப் பருவத்தில் அந்நீரைப் பருகியவர்க்கே அக்கறை தோன்றும். வேற்றூரில் வளர்ந்து, மணமாகி இவ்வூருக்கு வந்த மருமகளின் பற்கள் வெண்மையாகவே இருக்கும். இருபது ஆண்டுகள் இவ்வூர்க் கிணற்று நீரைக் குடித்து அவளுடைய எலும்பு இறுகியிருந்தாலும் பல் அதைக் காட்டிக்கொடுப்பதில்லை. வெண்பல்லைக் கண்டு ஐயத்தைக் கைவிடுவது தவறாகும். மாறாக, பிறந்த ஊரை விட்டு நகரத்திற்குப் பிழைக்கச் சென்றவரிடம் அங்குள்ள மருத்துவர் பழைய ஊரின் தண்ணீரைப் பற்றிக் கேட்க நினைப்பது அரிது.

வயிற்றுத் தொல்லையும் இந்நோயின் குறிகளுள் ஒன்று. அதற்காகத் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பருகுமாறு சொல்வது கிருமிகளைப் பொறுத்தவரை நல்ல அறிவுரை. ஆனால் கொதிக்கும்போது நீர் ஆவியாகக் குறைகிறது, ஃபுளூரைடு குறைவதில்லை. எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடிவிடும். மெழுகுவத்தி வடிவ வடிகட்டிகளாலும் பயனில்லை.

கேட்க வேண்டிய கேள்வி

இதனைக் கண்டறிய அரிய கருவிகள் தேவையில்லை. முழங்கால் மடக்காமல் குனிந்து கால்விரலைத் தொட முடிகிறதா, முகவாயை மார்பில் பதிக்க முடிகிறதா, கைகளை மடக்கித் தலைக்குப் பின்னால் கோக்க முடிகிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துவிடலாம். முடியாவிடில் அடுத்தது முன்கை எக்ஸ்ரே. முன்கையின் இரு எலும்புகளுக்கும் இடையேயுள்ள சவ்வு சுண்ணாம்பேறியிருப்பது இந்நோயின் முக்கிய அடையாளம். குடிநீரிலும் சிறுநீரிலும் உள்ள ஃபுளூரைடை அளந்து முடிவை உறுதி செய்யலாம். நீர் மாதிரியைக் கண்ணாடிப் புட்டியில் அன்றிப் பிளாஸ்டிக் புட்டியில் எடுக்க வேண்டும். ஃபுளூரைடு கண்ணாடியோடு வினைபுரியக் கூடியது.

எந்தக் கிணற்று நீர் என்பதும் முக்கியம். அடுத்தடுத்த இரு கிணறுகளில் அளவு பெரிதும் வேறுபடலாம். ஊரின் பொதுக் குழாய் நீர் நன்றாயிருக்கிறது என்ற சான்று, நோயாளி பத்தாண்டுகள் குடித்து வந்த தோட்டத்து ஆழ்குழாயைப் பற்றி ஒன்றும் கூறாது. நீர் ஆய்வின் விவரம் குடிநீர்த் துறையின் ஏட்டிலும், மூட்டு வலிக்காரரின் விவரம் மருத்துவமனை ஏட்டிலும் இருக்கின்றன. இரண்டையும் ஒரே மேசையில் விரித்துப் பார்க்கும் ஏற்பாடு இல்லாத இடத்தில் ஒவ்வொரு நோயாளியும் தனித்தனியே தம் நோய்க்குக் காரணம் தேடி அலைய வேண்டியதாகிறது. இந்த இடைவெளியை இணைப்பதே 2008-09-இல் தொடங்கிய தேசிய ஃபுளுரோசிஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுத் திட்டத்தின் பயனாக அமைய வேண்டும்.

நாகபுரியிலுள்ள தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் 1970-களில் உருவாக்கிய நீக்கும் முறை இம்மாவட்டத்தின் பெயராலேயே வழங்குகிறது. சுண்ணாம்பும் படிகாரமும் அளவோடு சேர்த்துக் கலக்கித் தெளியவைத்து இறுத்தெடுப்பது அம்முறை. கிருமி நீக்கத்திற்கு வெளுப்புத்தூளும் சேர்ப்பர். செலவு குறைவு. ஆயினும் வீட்டில் இதை நாள்தோறும் செய்ய வேண்டியவள், தோளை உயர்த்த முடியாத அதே பெண்தான் என்பதை அறிக்கைகள் கருதியதாகத் தெரியவில்லை. ஆற்று நீரைக் குழாய் வழியே வீட்டுக்கு வீடு வழங்கும் பகீரதா திட்டத்தின் முதற்கட்டம் தெலங்கானாவில் 2016-இல் தொடங்கிவைக்கப்பட்டது.

நல்ல நீர் கிடைத்ததும் வலியும் சோர்வும் பலருக்குக் குறையக்கூடும். வயிற்றுத் தொல்லை விரைவிலேயே தணியும். சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் ‘சி’யும் நிறைந்த உணவு துணை செய்யும். எலும்பில் சேர்ந்த ஃபுளூரைடு பல ஆண்டுகளில் சிறிது சிறிதாகவே வெளியேறும். ஒட்டி இறுகிய மூட்டும், வளைந்த முதுகும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. முதல் வலிக்கும் முதல் முன்கை எக்ஸ்ரேக்கும் இடையே கழிந்த காலத்தைப் பொறுத்தே, அப்பெண் மீண்டும் நாற்று நடச் செல்வதா, திண்ணையோடு நின்றுவிடுவதா என்பது பெரும்பாலும் அமைகிறது.