ஜன்னல் சாத்தும் நேரம்

அன்புள்ள தம்பிக்கு,

அடுத்த மாதத்திலிருந்து என் ஏரியாவை நீ பார்க்கப்போகிறாய் என்று ஆபீசில் சொன்னார்கள். சந்தோஷம். ஃபைபர் ஒட்டுவதற்கு உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, என்னைவிடச் சுத்தமாகவே ஒட்டுகிறாய். ஆனால் போன வாரம் ஒரு வீட்டுக்கு உன்னோடு வந்தபோது ஒன்றைக் கவனித்தேன். செருப்பைக் கழற்றிய கையோடு நேராகப் போய் ரவுட்டரை அணைத்துப் போட்டாய். நெட் வந்துவிட்டது. அந்த அம்மா உனக்கு மோர்கூடக் கொடுத்தார்கள். மறுநாள் அதே வீட்டிலிருந்து மறுபடியும் கம்ப்ளைண்ட். அதனால்தான் இந்தக் கடிதம்.

அணைத்துப் போட்டால் பல கோளாறுகள் சரியாகும் என்பது உண்மைதான். திணறிக்கொண்டிருந்த பெட்டி மூச்சுவிடும், லாகின் புதிதாக ஏறும். கூடவே தடயமும் அழிந்துவிடும். எந்த விளக்கு எரிந்தது, எது சிமிட்டியது, உள்ளே லாக்கில் என்ன பதிவாகியிருந்தது எல்லாமே போய்விடும். திருடு போன வீட்டை, போலீஸ் வருவதற்குள் பெருக்கித் துடைத்து வைப்பதுபோல.

ஆகவே முதல் இரண்டு நிமிடம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நில். விளக்குகளைப் பார். ‘லாஸ்’ சிவப்பாக எரிந்தால் பெட்டிக்குப் போதுமான வெளிச்சம் வந்துசேரவில்லை, பெட்டியை நோண்டிப் பயனில்லை, ஒயரைப் பார். ‘பான்’ நிலையாக எரிந்து, இன்டர்நெட் விளக்கு மட்டும் அணைந்திருந்தால் ஒயரைச் சந்தேகப்படாதே, லாகினைப் பார். அப்புறம் பேச்சுக் கொடு. “நெட் வரல தம்பி” என்பது ஒரே வார்த்தை, அதற்குள் பத்து வியாதி இருக்கிறது. எல்லா போனிலுமா, ஒன்றில் மட்டுமா? வீடு முழுக்கவா, கடைசி ரூமிலா? எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி: எப்போது?

இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் வீடு. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நெட் போய்விடும், காலையில் தானாக வந்துவிடும். எனக்கு முன்னால் மூன்று பேர் போய்ப் பார்த்து, இரண்டு முறை பெட்டியை மாற்றிவிட்டார்கள். போனதெல்லாம் பகலில். ஒளி மீட்டர் வைத்தால் மைனஸ் 21 டிபிஎம், நல்ல வெளிச்சம். நானும் இரண்டு தடவை பார்த்து, ஒன்றுமில்லை சார் என்று சொல்லிவிட்டு வந்தவன்தான். மூன்றாவது தடவை வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில், இருட்டுகிற நேரத்தில் நுழைந்தேன். பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் மனைவி எழுந்து, கொசு வருது என்று ஜன்னல்களை வரிசையாகச் சாத்தினார்கள். மூன்றாவது ஜன்னலைச் சாத்தியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. ஃபைபர் அந்த ஜன்னல் சட்டத்தின் இடுக்கு வழியாக உள்ளே வந்திருந்தது. கதவு அழுத்தியதும் மடங்கிவிடும். மீட்டரில் மைனஸ் 29.

கண்ணாடி இழை முறியவில்லை, மடங்கியதுதான். தாமிர ஒயரை மடக்கினாலும் கரண்ட் ஓடும். ஒளி அப்படியில்லை, வளைவு இறுகினால் இழையை விட்டு வெளியே கசிந்துவிடும். மூன்று டிபி குறைந்தால் வெளிச்சம் பாதி என்று பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். எட்டு டிபி குறைந்தால் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் மிச்சம். நாம் போடும் பெட்டிகளுக்கு மைனஸ் 27தான் எல்லை. மைனஸ் 25, 26 காட்டுகிற வீட்டை ‘ஓடுதே’ என்று விட்டுவிட்டு வராதே, முதல் மழைக்கே கூப்பிடுவார்கள். மீட்டரை 1490 நானோமீட்டரில் வைத்துப் பார். ஃபைபரின் பச்சை முனையை நீலச் சாக்கெட்டில் சொருகியிருக்கிறார்களா என்றும் பார். இரண்டும் ஒன்றுபோலப் பொருந்தும், ஆனால் பச்சை முனை சாய்வாகத் தேய்க்கப்பட்டது, நீலத்தோடு ஒட்டாது. முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்து மட்டும் பார்க்காதே. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, கெடுதல் மட்டும் செய்யும்.

வெளிச்சம் சரியாக இருந்தால் அடுத்தது லேப்டாப்பை ஒயரில் நேராக மாட்டிப் பார்ப்பது. இதை யாரும் செய்வதில்லை, ஐந்து நிமிடம் ஆகும் என்பதால். 169.254 என்று தொடங்கும் முகவரி வந்தால் பெட்டி முகவரியே கொடுக்கவில்லை என்று பொருள். பிங் செய்தால் பெட்டியின் 192.168.1.1 பதில் சொல்கிறதா? வெளியே 8.8.8.8 பதில் சொல்கிறதா? எண்ணுக்குப் போகிறது, பெயருக்குப் போகவில்லை என்றால் டிஎன்எஸ் கோளாறு. 200 எம்பிபிஎஸ் பிளானில் எத்தனை தடவை பார்த்தாலும் 94, 95-ஐத் தாண்டவில்லையா? லேன் ஒயரை உருவிப் பார். நூறுக்கு நான்கு கம்பி போதும், அதற்கு மேலே போக எட்டும் வேண்டும். ஒன்று அறுந்திருக்கும். எலியோ அணிலோ.

ஒயரில் ஒழுங்காக வந்து காற்றில் வரவில்லை என்றால், அது நெட் கோளாறே இல்லை, வீட்டுக் கோளாறு. ஆனால் அதைக் கோளாறாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ரவுட்டர் அசிங்கமாக இருக்கிறது என்று இரும்பு பீரோ மேலேயும், டிவிக்குப் பின்னாலும், ஒரு வீட்டில் மீன் தொட்டிக்குப் பின்னாலும் ஒளித்து வைத்திருந்தார்கள். தண்ணீர் அந்த அலையைக் குடித்துவிடும். நடுக்கூடத்தில், ஆள் உயரத்தில், திறந்த இடத்தில் வைக்கச் சொல். வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தூரம் போகும், ஆனால் நெரிசல் அதிகம். 5 வேகம், ஆனால் இரண்டு சுவருக்கு மேல் தாங்காது. அடுக்குமாடி என்றால் 2.4-இல் 1, 6, 11 மூன்று சேனல்தான் ஒன்றோடொன்று மோதாமல் நிற்கும். போனில் ஸ்கேன் செய்து, காலியாக இருப்பதில் போடு. 3, 4 என்று நடுவில் போட்டால் இரண்டு பக்கத்துக்கும் தொந்தரவு.

பெட்டியின் ரீசெட் ஊசித் துளையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு. 2009-இல், தாமிர ஒயர் காலம். ஸ்பிளிட்டர் மாட்டாத வீட்டில் போன் மணி அடித்தால் நெட் அறுந்துபோகும். அப்படி ஒரு வீட்டில், ஸ்பிளிட்டரைத் தேடாமல் அவசரத்தில் ஊசியை வைத்து அழுத்திவிட்டேன். யூசர்நேம், பாஸ்வேர்டு எல்லாம் அழிந்தது. அவர்களிடமும் சீட்டு இல்லை. சனிக்கிழமை சாயங்காலம், ஆபீசில் போன் எடுக்க ஆள் இல்லை. அந்த வீட்டுப் பெண்ணுக்கு அன்றுதான் ஒரு விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். பிரௌசிங் சென்டருக்கு அவளை அவள் அப்பா சைக்கிளில் அழைத்துப்போனதை வாசலில் நின்று பார்த்தேன். இன்றைக்கும் ரீசெட் செய்வதற்கு முன் அமைப்புப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்கிறேன், வேலை முடிந்ததும் அவர்கள் கண் முன்னாலேயே அழித்துவிடுகிறேன்.

வைஃபை பாஸ்வேர்டை நீயாக வைக்காதே, வீட்டுக்காரர் கையில் போனைக் கொடுத்துத் திரும்பி நின்றுகொள். பெட்டியின் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றச் சொல், வந்தபடியே விட்டிருப்பார்கள். வெட்டிய ஃபைபர் துணுக்கைத் தரையில் போடாதே. குழந்தை தவழும் வீடுகள். மூடி போட்ட மருந்து டப்பா ஒன்று என் பையில் இருக்கிறது, அதில் சேர்த்துக்கொள்.

பையையும் மீட்டரையும் உனக்கே விட்டுவிட்டுப் போகிறேன். வாத்தியார் வீட்டில் இப்போது சுவரில் தனித் துளை போட்டு ஒயரை ஏற்றியிருக்கிறேன், அங்கே இனி பிரச்சினை இல்லை. ஃபைபர் வெட்டும் கிளீவரின் பிளேடு மழுங்கிவிட்டது. திங்கட்கிழமை முதல் வேலையாக அதைத் திருப்பிப் போட்டுக்கொள்.

அன்புடன்,
அண்ணன்