அணுவா, காற்றா? சிறிய நாட்டின் மின்சக்தி பற்றி ஒரு பாடம்

சங்கக் கூட்டம் முடிந்தபின் ஏலாக்குறிச்சி அங்கத்தினர் சிலரிடையே எழுந்த வாதமே இம்மாதப் பாடத்துக்குக் காரணம். நெல் பயிரிடும் பெரியவர் ஒருவர், மின்சாரம் என்றால் இரவும் பகலும் ஒரே சீராக வரவேண்டும், அதற்கு அணு உலையே தகும் என்றார். தறி வைத்திருக்கும் மற்றொருவர், விலை கொடுத்து வாங்கவேண்டாத காற்று இருக்க, அயல்நாட்டு யுரேனியத்துக்குக் கையேந்துவானேன் என்றார். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் எத்தனை பெரிய நாட்டுக்கு என்ற கேள்வியை இருவருமே கேட்கவில்லை. பெரிய நாட்டுக்குப் பொருந்தும் விடை சிறிய நாட்டுக்குப் பொருந்தாமற் போகலாம். அதனை அறிய நம் மாநிலத்தையும், பாக்கு நீரிணைக்கு அப்பாலுள்ள இலங்கையையும் அருகருகே வைத்துப் பார்ப்போம்.

2012ஆம் ஆண்டை நம் அங்கத்தினர் மறந்திருக்கமாட்டார்கள். சென்னைக்கு வெளியே கிராமங்களில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரமும் அதற்கு மேலும் மின்வெட்டு இருந்தது. மும்முனை மின்சாரம் எப்போது வருமோ என்று கொள்ளிடக் கரையின் வரப்புகளில் நள்ளிரவில் விளக்கோடு காத்திருந்தோம். விசைத்தறி நின்றது. கைத்தறிக்கு மின்சாரம் வேண்டாம் என்பார் உண்டு. இருட்டில் அறுந்த இழையைத் தேடிப் பிணைத்தவர்க்கே அது பற்றித் தெரியும். இதில் கவனிக்கத்தக்கது யாதெனில், அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டில் ஏறத்தாழ 7,000 மெகாவாட் திறனுள்ள காற்றாலைகள் நின்றன. இந்தியாவில் அதுவே முதலிடம். அவ்வளவு இருந்தும் வெட்டு ஏன் வந்தது?

காற்று மாதக் கணக்கில் வருவது. தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களின் வழியே நெருக்கிக்கொண்டு வீசுவதால் வைகாசி முதல் புரட்டாசி வரை முப்பந்தல் முதலிய இடங்களில் காற்றாலைகள் வேகமாகச் சுழல்கின்றன. பிறகு அவற்றிற் பல சும்மா நிற்கின்றன. ஆண்டு முழுவதையும் சேர்த்துக் கணக்கிட்டால் பழைய இயந்திரம் தன் திறனில் நாலில் ஒரு பங்கும் அதற்குக் குறைவாகவுமே தரும். உயரமான புதிய இயந்திரம் மூன்றில் ஒரு பங்கை எட்டலாம். ஆகவே காற்றாலையின் 1,000 மெகாவாட்டையும் அணு உலையின் 1,000 மெகாவாட்டையும் ஒன்றென எண்ணுவது, மானாவாரி நிலத்தையும் நஞ்சையையும் ஏக்கர் கணக்கில் மட்டும் ஒப்பிடுவது போலாகும். 2012இல் காற்று ஓய்ந்த ஐப்பசியில் மின்வெட்டு இன்னும் நீண்டது.

இனி அணுவின் வழியைப் பார்ப்போம். கூடங்குளம் உலைகளுக்கான ஒப்பந்தம் ராஜீவ் காந்திக்கும் சோவியத் தலைவர் கோர்பசேவுக்கும் இடையே 1988 நவம்பரில் கையெழுத்தாயிற்று. கட்டுமானம் 2002இல் தொடங்கிற்று. 2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமாவில் நேர்ந்த விபத்துக்குப் பின் இடிந்தகரை மீனவ மக்களின் எதிர்ப்பு வலுத்தது. உச்ச நீதிமன்றம் 2013 மே மாதம் அனுமதி அளித்தது. முதல் உலை 2014 டிசம்பர் இறுதியிலும், இரண்டாவது 2017 மார்ச் இறுதியிலும் வணிக முறையில் இயங்கத் தொடங்கின. 13,171 கோடி ரூபாயில் முடியும் என்று சொல்லப்பட்ட இவ்விரு உலைகளின் மதிப்பீடு 22,462 கோடியாக உயர்ந்தது. ஒப்பந்தம் எழுதிய ஆண்டில் பிறந்த குழந்தை, முதல் உலையின் மின்சாரம் வணிகத்துக்கு வந்தபோது இருபத்தாறு வயதை எட்டிவிட்டது. எனினும் எழுந்து நின்ற பின் அவ்வுலையின் பயனை மறுப்பது நேர்மையன்று. எரிபொருள் மாற்றும் காலமும் பழுதுக் காலமும் நீங்கலாக, மழையையும் காற்றையும் பாராமல் அது மின்சாரம் தருகின்றது.

மற்றொரு சிறப்பும் அதற்கு உண்டு. 1,000 மெகாவாட் நிலக்கரி நிலையம் ஆண்டுக்கு முப்பது இலட்சம் டன்னுக்குக் குறையாத நிலக்கரியை விழுங்கும். அதே திறனுள்ள அணு உலைக்கு ஆண்டுக்குச் சுமார் முப்பது டன் எரிபொருள் போதும். இரண்டு மூன்று ஆண்டுக்கு வேண்டியதை ஒரு கிடங்கில் வைத்துப் பூட்டிவிடலாம். கப்பல் வராவிட்டாலும் நாடு இருளாது. இறக்குமதியை நம்பியிருக்கும் நாட்டுக்கு இது சிறிய நன்மையன்று.

ஆனால் நம் மாநிலம் தனித்து நிற்கும் நாடன்று என்பதை இங்கே நினைக்கவேண்டும். தென்னிந்திய மின்தொடர் 2013 டிசம்பர் 31 அன்று வடக்கின் தொடரோடு ஒன்றாக இணைக்கப்பட்டது. 2024 மே மாதம் இந்தியாவின் உச்சத் தேவை 2,50,000 மெகாவாட்டை எட்டியது. அத்தனை பெரிய தொடரில் 1,000 மெகாவாட் உலை ஒன்று திடீரென நின்றாலும் மற்ற நிலையங்கள் தாங்கிக்கொள்ளும். தேர்வடத்தை ஐந்நூறு பேர் பிடித்திருக்க இருவர் கைவிட்டால் தேர் நிற்பதில்லை. மூவரே பிடித்திருக்கும் வடத்தை ஒருவர் விட்டால் மற்ற இருவரும் விழுவர்.

இலங்கையின் நிலை இந்த மூவர் நிலை. அங்கே முழு நாட்டின் உச்சத் தேவையே ஏறத்தாழ 3,000 மெகாவாட். விடுமுறை நாட்களின் நண்பகலில் மிகவும் குறைவு. 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்சாதனத்தைத் தொட்டதில் நாடு முழுதும் இருண்டது. குரங்கின் மேல் பழி போட்டதை ஊரார் நகைத்தனர். உண்மைக் காரணம் ஆழமானது. அன்று தேவை குறைந்திருந்தது. கூரைகளின் சூரியத் தகடுகளிலிருந்து மிகுதியாக மின்சாரம் வந்துகொண்டிருந்தது. கனத்த சுழலிகள் ஓடும் தொடரில், இராட்டைச் சக்கரம் கை எடுத்த பின்னும் சிறிது சுற்றுவது போல, ஓர் அதிர்ச்சியைத் தாங்கும் உந்துவிசை இருக்கும். சூரியத் தகட்டுக்கு அது இல்லை. இன்றைய காற்றாலையும் அதனைத் தானாகத் தருவதில்லை. அதிர்ச்சியில் நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தின் 300 மெகாவாட் இயந்திரங்கள் மூன்றும் நின்றன. அதனால் அடுத்த நாட்களிலும் முறைவைத்து மின்வெட்டு நடந்தது. 300க்கே இந்த நிலையெனில், 1,000 மெகாவாட் உலை ஒன்றை அத்தொடரில் மாட்டினால் என்னாகும் என்பதை அங்கத்தினரே ஊகிக்கலாம். ஒரே இயந்திரம் தொடரின் பத்தில் ஒரு பங்கை மிஞ்சலாகாது என்பது மின் பொறியாளர் கைக்கொள்ளும் பொதுக் கணக்கு. சிறு உலைகள் வரும் என்கிறார்கள். ரஷ்யாவின் பெவெக் துறைமுகத்தில் 2020 முதல் 35 மெகாவாட் உலைகள் இரண்டு மிதவைக் கப்பலில் இயங்குகின்றன. ஆனால் கடையில் பம்புசெட்டு வாங்குவது போல அவற்றை வாங்கும் காலம் இன்னும் வரவில்லை.

அதே இலங்கை 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டைக் கண்டது. நிலையங்கள் இருந்தன, எண்ணெய் வாங்க டாலர் இல்லை. அணைகளிலும் நீர் வற்றியிருந்தது. அப்போது மன்னார்த் தீவில், 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைத் தொகுதியின் முப்பது இயந்திரங்கள் 103.5 மெகாவாட் திறனோடு நின்றன. அவற்றின் சுழற்சிக்கு எவரிடமும் டாலர் கேட்கவேண்டியதில்லை. காற்று மிகும் நாட்களில் மகாவலி அணைகளின் நீரைத் திறக்காமல் தேக்கிவைத்து, காற்று ஓய்ந்த மாலையில் திறந்துவிடலாம். நம் குதிரில் நெல் இருப்பது போல அந்த நீர் இருக்கும். நம் மாநிலத்தில் கடம்பாறையில் கீழ் நீர்த்தேக்கத்து நீரை மேலேற்றிச் சேமித்து மின்சாரமாக்கும் 400 மெகாவாட் நிலையம் உண்டு. இலங்கையில் மகா ஓயாவில் 600 மெகாவாட்டுக்குத் திட்டமிட்டுள்ளனர்.

ஆகவே எம் அபிப்பிராயம் இது. சிறிய நாடு தன் பணத்தை முதலில் காற்றிலும், அதைத் தாங்கும் நீர்த்தேக்கத்திலும், அண்டை நாட்டோடு இணைக்கும் கம்பியிலும் இடவேண்டும். அணு வேண்டாம் என்பதன்று; தொடர் அதனைத் தாங்கும் அளவுக்கு வளர்ந்தபின் அது வரலாம். நீர்த்தேக்கமும் கம்பியும் இல்லாமல் காற்றாலையை மட்டும் நட்டுக்கொண்டே போவதும் நம் 2012 ஐப்பசியை மீண்டும் வரவழைப்பதாகும். டென்மார்க் 1985இல் அணுவை விலக்கியது. இப்போது தன் மின்சாரத்திற் பாதிக்கு மேல் காற்றிலிருந்து பெறுகின்றது. ஆனால் காற்று நின்றால் நார்வேயின் அணைநீரும் சுவீடனின் உலைகளும் கம்பி வழியே கைகொடுக்கின்றன. இலங்கைக்கும் நமக்கும் இடையே அத்தகைய கம்பி பல்லாண்டாகப் பேச்சளவிலேயே இருக்கின்றது.

டென்மார்க்கில் நமக்கு உகந்த செய்தி ஒன்றும் உண்டு. கோபன்ஹேகன் நகரின் கடலோரத்தில் மிடல்குருண்டன் என்னுமிடத்தில் 2000ஆம் ஆண்டு இருபது காற்றாலைகள் நிறுவப்பட்டன. அவற்றிற் பாதி, எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர் சேர்ந்த ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் சொத்து. தம் பணத்தில் நட்ட காற்றாலையின் ஓசையையும் காட்சியையும் அம்மக்கள் அவ்வளவாகக் குறை கூறவில்லை. மன்னாரில் நடந்ததோ வேறு. 2025 ஆகஸ்டில் புதிய காற்றாலைகளை எதிர்த்து மக்கள் தெருவில் அமர்ந்தனர். மழைநீர் வடியும் வழி அடைபடுகின்றது, மீன்பிடி கெடுகின்றது, வலசை வரும் பறவைகள் அடிபடுகின்றன என்பது அவர்கள் முறையீடு. இடிந்தகரையின் முறையீட்டிலிருந்து இது வெகு தூரமில்லை. காற்று தூயது என்பதால் அதன் கீழ் வாழ்பவரைக் கேளாமல் நடலாம் என்றாகாது. நிலம் கொடுப்பதின் வலியை நம் மாவட்டம் அறியும். ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்கென 1990களில் தொடங்கி உழவர் நிலம் எடுக்கப்பட்டது. மின் நிலையம் எழவே இல்லை.

நம் கொள்ளிடக் கரையில் கணவாய்ப் பகுதியின் காற்று இல்லை. எனவே மிடல்குருண்டனை இங்கே நடலாம் என்று யாரும் கிளம்பவேண்டாம். அடுத்த கூட்டத்துக்கு வருமுன் ஒவ்வோர் அங்கத்தினரும் ஒரு வார காலம், மும்முனை மின்சாரம் எம்மணிக்கு வந்து எம்மணிக்கு நின்றது என்பதையும், அந்நேரத்தில் மோட்டாரோ தறியோ எத்தனை மணி உண்மையில் ஓடிற்று என்பதையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு வருக. பகலில் ஓடக்கூடிய வேலை எவ்வளவு, இரவிலேயே ஓடியாகவேண்டியது எவ்வளவு என்பதை அத்தாள்களைக் கொண்டு கூட்டிப் பார்த்த பின் வாதத்தைத் தொடர்வோம்.