புகைபோக்கி ஓரம் ஒழுகுகிறதா? தார் பூசாதீர்கள்

கேள்வி: ஐயா, போர்ட்டிக்சன் பக்கம் தோட்ட நிர்வாகம் கொடுத்த பழைய வீட்டில் இருக்கிறோம். குசினியில் செங்கல் புகைபோக்கி. விடியற்காலையில் காற்றோடு மழை அடித்தால் அதன் ஓரமாகத் தண்ணீர் இறங்குகிறது. தார் பூசினோம், சிலிக்கோன் அடைத்தோம், நிற்கவில்லை. இடித்துவிடலாமா?

பதில்: அம்மா, விடியலில் மலாக்கா நீரிணையைத் தாண்டி வரும் சுமத்ரா காற்று மழையைச் சாய்த்து அடிக்கும். கடலைப் பார்த்த பக்கத்துச் செங்கல்தான் அதிகம் ஊறும். அதனால் ஒழுகுவது கூரையும் புகைபோக்கியும் சேரும் சந்தா, செங்கலா என்று முதலில் பாருங்கள். வெயில் நாளில் குழாய்த் தண்ணீரைக் கூரையில் தொடங்கி, பிறகு சந்தில், கடைசியில் செங்கலில் விடுங்கள். ஒவ்வோர் இடத்திலும் கால் மணி நேரம் விட்டு, உள்ளே ஒருவரைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

சந்தில் பூசிய தார் நிற்காததற்குக் காரணம், கூரைத் தகரம் வெயிலில் நீண்டு மழையில் சுருங்குவதுதான். செங்கல் அப்படி அசையாது. நடுவில் பூசியது எதுவானாலும் கிழியும். அங்கே வேண்டியது இரண்டு தகடுகள். கீழ்த்தகடு கூரையில் படிந்து, புகைபோக்கியை ஒட்டி ஒரு சாண் உயரம் ஏறி நிற்கட்டும். அதைச் செங்கலோடு ஆணியடிக்கக் கூடாது. மேல்தகட்டைச் செங்கல் இடைவெளியில் 25 மி.மீ. ஆழம் செருகிக் கீழ்த்தகட்டின்மேல் தொங்கவிட வேண்டும். அப்போது தகரம் எப்படி நகர்ந்தாலும் தண்ணீர் உள்ளே போகாது. கூரைச் சரிவில் புகைபோக்கிக்கு மேல்புறம் தண்ணீர் தேங்கும். அங்கே இருபுறமும் சரியும் சிறு முகடு வையுங்கள். ஈரச் சிமெண்டு அலுமினியத்தை அரிக்கும் என்பதால் அந்தத் தகடு வேண்டாம். காடி வாசம் வீசும் சிலிக்கோனும் துத்தநாகத் தகரத்துக்கு ஆகாது.

செங்கல் ஊறினால், உதிர்ந்த சாந்தை 20 மி.மீ. ஆழம் சுரண்டி, நனைத்து, 1 பங்கு சிமெண்டு, 1 பங்கு சுண்ணாம்பு, 6 பங்கு மணல் கலந்து அடையுங்கள். வெறும் சிமெண்டுச் சாந்து பழைய செங்கலைவிடக் கெட்டியானது. ஈரம் செங்கல் வழியாகவே வெளியேறி அதன் முகத்தை உரித்துவிடும்.

விறகடுப்பு எரிக்காத வீடென்றால், புகைபோக்கியைக் கூரைக்குக் கீழே வரை இறக்கித் தகரத்தால் மூடிவிடுவதே நல்லது என்பேன். கூரை ஆஸ்பெஸ்டாஸாக இருந்தால் நீங்கள் அறுக்கவோ துளையிடவோ கூடாது. அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

வீடு நிர்வாகத்துடையது என்பதால் செலவை உங்கள் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள். முதலாளி தரும் தொழிலாளர் வீட்டைப் பழுதின்றி வைத்திருப்பது 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டப்படி அவர் பொறுப்பு. ஒழுகும் இடத்தைப் படமெடுத்து மேலாளருக்கு எழுத்தில் கொடுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால் அந்த நகலோடு தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள். அக்டோபர் மழைக்கு முன்பே போவது நல்லது.