தப்பிய விபத்தையும் விசாரியுங்கள்

களத்துமேட்டில் கதிரடிக்கும் இயந்திரம் ஓடிக் கொண்டிருக்கிறது. பொழுது சாயும் நேரம். கம்புக் கதிரைத் தள்ளிக் கொண்டிருந்த பெண்ணின் கை கதிரோடு சேர்ந்து உள்ளே இழுபடுகிறது. வெடுக்கென்று கையை எடுத்துக் கொள்கிறார். வளையல் உடைந்ததோடு போயிற்று. "பார்த்துச் செய்யக் கூடாதாம்மா?" என்று ஒருவர் சொல்ல, வேலை தொடர்கிறது.

இப்படி விட்டுவிடுவது தவறு. கையே போயிருந்தாலும் காரணம் இதுவாகத்தான் இருந்திருக்கும். காரணத்தை நீக்காவிட்டால் அதே விபத்து மறுபடியும் வரும். ஆகவே தப்பிய விபத்தையும் நடந்த விபத்தைப் போலவே விசாரிக்க வேண்டும்.

முதலில் இயந்திரத்தை நிறுத்துங்கள். காயம் பட்டிருந்தால் முதலுதவி செய்து, 108-க்குச் சொல்லுங்கள். பிறகு மூடி, பெல்ட், கதிர், ஆள் நின்ற இடம் ஆகியவற்றை மாற்றாமல் பார்த்துக் கொள்ளுங்கள்.

அன்றைக்கே எல்லோரிடமும் தனித்தனியே பேசுங்கள். "யார் தப்பு?" என்று கேட்டால், கூலி போய்விடும் என்ற பயத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். "என்ன நடந்தது?" என்றே கேட்க வேண்டும்.

அடுத்து, 'ஏன்' என்று தொடர்ந்து கேளுங்கள். ஜப்பானின் டொயோட்டா ஆலையில் ஐந்து முறை 'ஏன்' என்று கேட்பது வழக்கம். நம் களத்திலும் கேட்டுப் பார்ப்போம்.

கை ஏன் உள்ளே போனது? கதிர் தள்ளும் வாயின் மேல் மூடி இல்லை. ஏன் இல்லை? கதிர் அடைத்துக் கொண்டதால் கழற்றி விட்டார்கள். ஏன் அடைத்தது? கதிர் ஈரம். ஏன் காயவில்லை? மணிக் கணக்கில் வாடகை. அடுத்த களத்துக்காரர் காத்திருக்கிறார். அந்தப் பெண்ணோ காலை முதல் ஆள் மாறாமல் நின்றிருக்கிறார்.

இப்போது செய்ய வேண்டியது தெளிவாகிறது. கதிரை நன்றாகக் காய வைத்த பிறகே இயந்திரத்தை அமர்த்துங்கள். மூடியைக் கழற்ற விடாதீர்கள். அடைப்பு எடுக்குமுன் இயந்திரத்தை நிறுத்துங்கள். கதிர் தள்ளும் ஆளை அடிக்கடி மாற்றுங்கள். இருட்டிய பின் ஓட்ட வேண்டாம். 'கவனமாக இரு' என்று சொல்வது மட்டும் போதாது.

இந்தியத் தர விதிப்படி கதிர் தள்ளும் வாய் குறைந்தது 90 செ.மீ. நீளமும், அதில் 45 செ.மீ. மேல்மூடியும் உடையதாக இருக்க வேண்டும். இத்தகைய இயந்திரங்களுக்காக 1983-ல் மத்திய அரசு தனிச் சட்டமே இயற்றியது. வாடகை பேசுமுன் ஒரு முழக்கோலால் அளந்து பாருங்கள்.

கடைசியாக, ஒரு நோட்டில் தேதி, நேரம், நடந்தது, காரணம், செய்த மாற்றம் ஆகியவற்றை எழுதி வையுங்கள். அடுத்த அறுவடைக்கு முன் அதைப் புரட்டிப் பார்த்து, மாற்றங்கள் நடைமுறையில் இருக்கின்றனவா என்று சரி பார்ப்பது நலம். அந்தப் பெண் மறுபடியும் அதே இடத்தில்தான் நிற்கப் போகிறார்.